சோதிடரே, தொலைநோக்கியண்டை வாரும்!

வானத்தைக் கூறுபோட்டு விற்கிறார்கள். பன்னிரண்டு கூறு, கூறுக்கொரு பெயர், பெயருக்கொரு பலன், பலனுக்கொரு பரிகாரம், பரிகாரத்துக்கொரு கட்டணம்! வாங்குவதற்கும் வரிசை நிற்கிறது. விற்பவர் அந்த வானத்தை என்றைக்கேனும் அண்ணாந்து பார்த்ததுண்டா என்று வரிசையிலே நிற்பவர் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்கிறோம் நாம். கேட்பதற்கான கருவியும் நமது கைக்கு வந்துவிட்டது என்றும் கூறுகிறோம்.

தேனி மாவட்டத்திலே, சின்னமனூருக்கு அருகே, குச்சனூர் என்றோர் ஊர். சனீசுவரனுக்கென்றே அங்கு கோவில். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளிலே மக்கள் வெள்ளமெனத் திரள்கிறார்கள். எள் விளக்கு எரிகிறது. காக்கைக்குச் சோறு வைக்கப்படுகிறது. ஏலத்தோட்டத்திலே, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று ஈட்டிய கூலி, முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்கிறது. ஏன் அவிழ்கிறது? ஏழரைச் சனி, அட்டமத்துச் சனி, கண்டகச் சனி என்று ஒரு பட்டியலைக் காட்டி அச்சுறுத்தியிருக்கிறார்கள்; அஞ்சியவர் அவிழ்க்கிறார். அவர்மீது நமக்குச் சினம் இல்லை. வாழ்விலே அடிமேல் அடி விழும்போது, அடித்தவன் இன்னான் என்று யாரேனும் விரல் நீட்டிக் காட்டினால், காட்டிய திசையிலே மனம் ஓடத்தான் செய்யும். தவறான திசையைக் காட்டிக் காசு பறிக்கும் விரல்மீதுதான் நமது சினம்.

அதே பள்ளத்தாக்கின் மேலே, அந்தி மங்கும் வேளையிலே, மற்றொன்றும் வருகிறது. எள் கேட்பதில்லை, எண்ணெய் கேட்பதில்லை, எந்த ராசிக்காரரையும் அது அச்சுறுத்துவதில்லை. விண்மீன்களைவிட ஒளி மிகுந்ததாய், இமைக்காமல், ஓசையின்றி, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கிறது. மனிதன் கட்டிய வீடு அது! பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பது பெயர். 1998 நவம்பர் 20 அன்று அதன் முதற்பகுதி ஏவப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் அதிலே மனிதர்கள் இடைவிடாது குடியிருக்கிறார்கள். 109 மீட்டர் அகலம், 400 டன்னுக்கு மேற்பட்ட எடை, தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 27,000 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். 93 நிமிடத்துக்குள் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. 2025 சூன், சூலை மாதங்களிலே இந்தியாவின் சுபான்சு சுக்லாவும் அந்த வீட்டிலே தங்கியிருந்து திரும்பினார்.

தென்மேற்கிலிருந்து வடகிழக்காக அது செல்லும் வேளைகளிலே ஒரு வேடிக்கை. நமது பள்ளத்தாக்கின் போக்கும் அதுவே! குமுளி மலைக்கு மேலே எழுந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று முல்லைப்பெரியாற்று நீர் பாயும் வழியை ஒட்டியே வானிலும் ஒரு பாய்ச்சல். கூடலூரிலிருந்து தேனிக்குப் பேருந்திலே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. கலம் அந்தத் தொலைவை ஆறே விநாடியிலே கடக்கிறது. இருபுறமும் மலை மறைப்பதால், சமவெளிக்காரர் காணும் நேரம் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை. மூன்று, நான்கு நிமிடம் கிடைத்தால் அதுவே பெரிது. ஆனாலும் நகரத்து விளக்கொளி கெடுக்காத இருட்டு நம்முடையது.

வெறுங்கண்ணுக்கு அது நகரும் ஒளிப்புள்ளி. தொலைநோக்கியிலோ, புள்ளி பொருளாகிறது. ஆறு அங்குல ஆடி பொருத்திய குழாயொன்றை, மரப்பலகை அடித்தளத்திலே சுழலும்படி வைத்து, நமது மாணவர் சிலரோடு வீட்டுக் கொல்லையிலே நின்று பார்த்து வருகிறோம். எளிதென்று எண்ணிவிடவேண்டாம். உச்சிக்கு வரும்போது அது விநாடிக்கு ஒரு பாகைக்கு மேல் நகர்கிறது. முழு நிலவு அடைத்துக்கொள்ளும் இடத்தைப்போல் இரு மடங்கு! குழாய்க்குள் வந்தது தெரிவதற்குள் வெளியே போய்விடும். ஆகவே பெரிதாக்கிக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, குறைந்த உருப்பெருக்கத்திலே வைத்து, துணைக்குழாயிலே ஒருவர் கண்ணை ஊன்றி, கலத்துக்கு முன்னதாகவே குழாயைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஏற்றம் இறைப்பவன் காலும் கையும் ஒத்துப்போவதுபோலக் கண்ணும் கையும் ஒத்துப்போகப் பல மாலைகள் பிடிக்கும். கண்வில்லையிலே கைப்பேசியைப் பொருத்திப் படமெடுத்தால், நூற்றுக்கணக்கான படங்களிலே நான்கைந்து தேறும். அந்த நான்கைந்திலே தெரியும், நடுவே வெள்ளைத் தண்டு, இருபுறமும் பொன்னிறச் சிறகுகள். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள் அவை. உச்சிக்கு வரும்போது கலத்தின் தோற்ற அளவு வியாழன் கோளின் தோற்ற அளவுக்குச் சற்று மேலேயே இருக்கும். சிறகு தெரிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை கத்திய கத்தலிலே தெருவே விழித்துக்கொண்டது!

இனி, நாம் சொல்லவந்த செய்திக்கு வருகிறோம். கலம் எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை விநாடிக்கு, எந்தத் திசையிலே, எவ்வளவு உயரத்திலே தோன்றும் என்பதைக் கணக்கிட்டு முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்த்துக்கொள்ளலாம், கட்டணமின்றி! சில நாள்களுக்கு முன்னே சொன்ன நேரத்துக்கும், கலம் வந்து நிற்கும் நேரத்துக்கும் வேறுபாடு விநாடிக் கணக்கிலேதான். அவ்வளவு உயரத்திலும் இழையளவு காற்று உண்டு. அது உராய்ந்து கலத்தை மெல்ல மெல்லக் கீழே இழுக்கும். அவ்வப்போது எரிபொருள் எரித்து மேலே தள்ளுவார்கள். ஆகையால் பழைய கணக்கு சில நாளிலே பிசகும். பிசகும் என்று அவர்களே சொல்கிறார்கள், மீண்டும் அளக்கிறார்கள், கணக்கைத் திருத்துகிறார்கள். திருத்துவதை இழிவென்று கருதாத கணக்கு அது.

சனியின் கணக்கு எப்படி? பஞ்சாங்கம் இரண்டு வகை. ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். சனி மீன ராசிக்குப் பெயர்வது 2025 மார்ச் 29 அன்று என்றது திருக்கணிதம். இல்லை, 2026 மார்ச் 6 என்றது வாக்கியம். திருநள்ளாற்றுக் கோவில் வாக்கியத்தின் பக்கம். அதற்கு முந்திய பெயர்ச்சிக்கும் இதே கூத்து! 2023 சனவரி 17 என்றது ஒன்று, 2023 டிசம்பர் 20 என்றது மற்றொன்று. இரண்டு பெயர்ச்சிக்கும் இடையே பதினொரு மாதத்தை ஒட்டிய பிணக்கு. 2025, 2026 பெயர்ச்சிக் கணக்கிலே மட்டும் 342 நாள். அந்த 342 நாளிலே விண்வெளி நிலையம் பூமியை ஐயாயிரம் முறைக்கு மேல் சுற்றிவிடும்!

கேட்கிறோம்: அந்த 342 நாளிலே சனி எங்கே இருந்தது? இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்று திரிசங்கு சொர்க்கத்திலா தொங்கியது? அந்த இடைவேளையிலே ஒருவனுக்கு ஏழரைச் சனி பிடித்ததா, பிடிக்கவில்லையா? வாக்கியத்தை நம்பியவன் தப்பினானா, திருக்கணிதத்தை நம்பியவன் சிக்கினானா? ஒரே மனிதன், ஒரே நாள், ஒரே சனி. தலைவிதி மட்டும் அச்சிட்டவரைப் பொறுத்தா? இரண்டு மருத்துவர் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாமவரிடம் போகிறோம். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறோம். இங்கு மட்டும் இரண்டு பெயர்ச்சிக்கும் இரண்டு முறை அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம்!

வானத்தைப் பார்த்தால் வழக்குத் தீர்ந்துவிடும். கோள் எந்த விண்மீனுக்கு அருகே நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். கோளின் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்வது திருக்கணிதமே. அதனாலே அது சொல்லும் பலனும் சரி என்று ஆகிவிடாது. ராசிக்கும் ராசிக்கும் நடுவே வானத்திலே வேலி இல்லை, வரப்பும் இல்லை. மனிதன் கணக்குக்காகத் தாளிலே போட்ட கோடு அது. நெருங்கி வரும் காலத்திலும் ஏறத்தாழ 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு கோள், தாளிலே இருக்கும் கோட்டைத் தாண்டியதால் சின்னமனூரிலே ஒருவருடைய வாழைத்தோப்பு சாய்கிறதென்றால், கோட்டைப் போட்டவரைத்தானே பிடித்து விசாரிக்கவேண்டும்!

"முன்னோர் அறிவிலிகளா?" என்று சிலர் மீசையை முறுக்குகிறார்கள். இல்லை ஐயா, இல்லை. முன்னோர் வானத்தைப் பார்த்தார்கள், பார்த்துக் கணித்தார்கள். புதுச்சேரியிலே ஒரு தமிழ்க் கணியர், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனத்திலே பதித்து வைத்த அட்டவணைகளைக் கொண்டு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்திலே வந்த பிழை சில நிமிடங்களே. தொலைநோக்கி இல்லை, அச்சடித்த நூல் இல்லை. சோழியும் நினைவும் மட்டுமே! அந்தத் திறமைக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் சூத்திரம் செய்தவர் பார்த்த வானத்தை, சூத்திரத்தை ஒப்பித்தவர் பார்க்கவில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிழை சிறுகச் சிறுகச் சேர்ந்தது, சரிபார்க்க ஆளில்லை. கிரகணத்திலே பிழை வந்தால் ஊரே அண்ணாந்து பார்த்து நகைக்கும். சனியோ ஆமை நடை. ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. அது எங்கே நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிவு!

தெரியவேண்டும் என்று சொன்ன ஒருவரும் இந்நாட்டிலே இருந்தார். சிந்தாமணி இரகுநாதாச்சாரி. சென்னை வான்காணகத்திலே பணியாற்றியவர். 1867ஆம் ஆண்டு ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டு வெள்ளி, சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க நாட்டு மொழிகளிலே நூல் வெளியிட்டவர். கண்ணால் கண்டதற்கு ஒத்துவராத பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள் என்று வாதாடினார். ஆச்சாரிய குலத்திலே பிறந்தவர்தாம். ஆனாலும் பஞ்சாங்கத்தைவிடக் கண்ணை நம்பினார். அவருடைய காலத்துக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பதினொரு மாதப் பிணக்கு இன்னும் கோவில் வாசலிலே குந்தியிருக்கிறது.

"ராக்கெட்டுக்கே பூசை போடுகிறார்களே, தெரியுமா?" இது அடுத்த அம்பு. தெரியும். விண்வெளித் துறைத் தலைவர்கள் ராக்கெட்டின் சிறு உருவத்தைத் திருப்பதி மலைக்குத் தூக்கிச் செல்வதைப் படத்தோடு பார்த்திருக்கிறோம், நாணியிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி61 ராக்கெட், மூன்றாம் கட்டத்திலே கோளாறுற்று, செயற்கைக்கோளோடு அழிந்தது. அதன்பின் அதே துறையினர் எதை ஆராய்ந்தார்கள்? ராக்கெட்டின் ஜாதகத்தையா? மூன்றாம் கட்ட மோட்டாரின் அழுத்தத்தை! மலையேறிக் கும்பிட்டவரும், மோட்டார் பழுதுபட்டால் பொறியாளரைத்தான் கூப்பிடுகிறார். நாமும் அதையேதான் சொல்கிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895இலே கிழக்கே திருப்பினார் பென்னி குவிக். வருண செபம் வராத நீரைக் கொண்டுவந்ததா, அளவு நூலும் வெடிமருந்தும் உழைத்துச் செத்த கூலிகளின் வியர்வையும் கொண்டுவந்தனவா? நன்றி மறவாத மக்கள் அந்தப் பொறியாளர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறார்கள். பொங்கல் நாளிலே நினைக்கிறார்கள். கணக்கின் பயனை வயலிலே கண்டவர்கள், கணக்கை வானத்திலே மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

கலத்தைப் பார்க்கும் மாலைகளிலே மற்றொரு பாடமும் இலவசமாய்க் கிடைக்கிறது. சில நாள் கலம் நடுவானிலே, மேகமற்ற வெளியிலே, சட்டென மங்கிச் சிவந்து அணைந்துபோகும். முதன்முறை கண்ட பிள்ளைகள் "விழுந்துவிட்டதா?" என்று திகைத்தார்கள். விழவில்லை. பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. மேற்கு மலைக்குப் பின்னே கதிரவன் மறைந்து கம்பம் இருட்டிய பிறகும், எதிரே மேகமலையின் உச்சியிலே வெயில் அடிப்பதை அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதைச் சொன்னதும் விளங்கிவிட்டது. நமக்கு இருட்டிய பின்னும் உயரத்திலே கலத்துக்கு வெயில். நிழல் எட்டியதும் அதற்கும் இருட்டு. நிலவை மறைப்பதும் இதே நிழல்தான். 2025 செப்டம்பர் 7 இரவு முழு நிலவு செந்நிறமாய் நிழலுக்குள் கிடந்தபோது, பாம்பு விழுங்குகிறதென்று எத்தனை வீடுகளிலே சமைத்த சோற்றைக் கொட்டினார்கள், எத்தனை கருவுற்ற பெண்களை அறைக்குள்ளே அடைத்தார்கள்! நாள்தோறும் பல முறை ஒரு கலத்தை விழுங்கி உமிழ்கிறதே பூமியின் நிழல். அதற்கெல்லாம் சோற்றைக் கொட்டுவதென்றால் அடுப்பு மூட்டவே நேரம் இராது!

பெண்கள் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. நமது கொல்லைக்கு முதலிலே வந்தவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகளை அனுப்பவில்லை. விளக்கு வைத்த பிறகு வெளியே நிற்கலாமா, வயதுவந்த பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதாவது என்றார்கள். அம்மாக்களையும் சேர்த்து அழைத்தோம், வந்தார்கள். வந்தவர்களிலே ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர், "இதைத் தெரியுமே!" என்றார். கம்பமெட்டு வழியே மலையேறும் ஜீப்புக்காக, கோழி கூவும் முன்னே தெருமுனையிலே காத்து நிற்கையில் பலமுறை பார்த்ததுண்டாம். என்னவென்று கேட்டபோது, பார்க்கக்கூடாது, ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து தலையைக் குனிந்துகொண்டாராம். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வானத்தைப் பார்க்கும் நேரத்திலே விழித்திருப்பவர் உழைப்பவர். அவரைத் தலை குனியச் சொன்னவரோ, அந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர்.

புதிய அச்சமும் முளைக்கிறது. 2019 மே முதல் ஸ்டார்லிங்க் நிறுவனத்தார் கொத்துக் கொத்தாகச் செயற்கைக்கோள் ஏவுகிறார்கள். ஏவிய சில நாள்களுக்கு அவை மணிமாலைபோல ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும். கண்டவர் பேயென்பர், கேட்டவர் பூதமென்பர். பேயுமில்லை, பூதமுமில்லை, வணிகம்! ஆயிரக்கணக்கிலே பெருகி, வானியலார் எடுக்கும் படங்களிலே கோடு கிழிக்கும் வணிகம். எந்திரம் என்பதற்காக நாம் அதற்கும் தோத்திரம் பாடப்போவதில்லை. வானம் யாருக்கு உரியதென்ற கேள்வி அங்கும் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது என்ன? நாமறிந்த ஒரு பள்ளி; பெயர் வேண்டாம். அங்கே தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. எங்கே? அலமாரிக்குள்! பூட்டுப் போட்டு, சாவி பத்திரமாக! உடைந்துவிடுமாம். ஆயுத பூசையன்று மட்டும் வெளியே வந்து சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போகிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் திருத்தத்தாலே அரசமைப்புச் சட்டத்திலே எழுதியிருக்கிறது. கருவிக்கு நெற்றிப்பொட்டு வைப்பதா அந்தக் கடமை?

இங்கிலாந்திலே கெட்டரிங் என்ற ஊரின் பள்ளியிலே ஜெஃப்ரி பெர்ரி என்றோர் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். எளிய வானொலிக் கருவியொன்றை வைத்துக்கொண்டு, சோவியத் செயற்கைக்கோள்கள் எழுப்பும் ஒலியை மாணவரோடு கேட்டுக் கேட்டு, நேரம் குறித்து வந்தார். 1966இலே, சில கோள்களின் பாதை அதுவரை அறிந்த ஏவுதளத்தோடு பொருந்தாமல் இருக்கக் கண்டார்கள். கணக்குப் போட்டார்கள். வடக்கே பிளெசெட்ஸ்க் பகுதியிலே மற்றொரு ஏவுதளம் இருக்கிறதென்று உலகுக்கு அறிவித்தார்கள். வல்லரசு மறைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்! சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983இலேதான். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது நம் பிள்ளைகளுக்கு இல்லாததல்ல. சாவி மட்டும் அவர்கள் கையிலே இருந்தது.

ஆகவே, இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலே சாவியைக் கேளுங்கள். கருவி இல்லாத இடத்திலே, ஊராட்சி நூலகத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்; மன்றத்தின் ஆண்டுவிழா ஒலிபெருக்கிச் செலவை ஓராண்டு நிறுத்தினாலே பெரும்பகுதி கிட்டிவிடும். கலம் வரும் நாளைத் தேநீர்க் கடைப் பலகையிலே எழுதிப் போடுங்கள், நிமிடத்தோடு. எழுதிய நிமிடத்திலே அது வருவதை ஊர் பார்க்கட்டும்.

சோதிடருக்கும் அழைப்பு விடுக்கிறோம். வாக்கியக்காரரும் வரட்டும், திருக்கணிதக்காரரும் வரட்டும். கலத்தைக் காட்டுவோம். பிறகு அதே குழாயைச் சனியின் பக்கம் திருப்பி, வளையத்தோடு காட்டுவோம். அது எந்த நாளிலே எந்தக் கோட்டைத் தாண்டிற்று என்று அவர்கள் இருவரும் ஊரார் முன்னிலையிலே பேசி முடிவு செய்யட்டும். கலிலியோவின் நாளிலே பதுவா நகரத்துப் பேராசிரியர் கிரெமோனினி, அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் தலை கிறுகிறுக்கிறதென்று சொல்லி விலகிக்கொண்டார். நம்மவருக்கும் அப்படி நேர்ந்தால் உட்கார்ந்துகொள்ள, கொல்லையிலே இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.